பொய் மீனுக்கு வண்ணம் மட்டும் போதுமா?

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்துப் போடுவது பழைய வழி. மரத்தில் ஒரு பொய் மீன் செய்து, அதைத் தங்கூசியில் கட்டி இழுத்து நிஜ மீனை ஏமாற்றுவது இன்னொரு வழி. இந்தப் பொய் மீனுக்கு லூர் என்று பெயர். கடையில் வாங்காமல் வீட்டிலேயே செதுக்கிக்கொள்பவர்கள் பல நாடுகளில் உண்டு. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் வண்ணம் பூசுவதில் காட்டும் அக்கறையை முள்ளைப் பொருத்துவதில் பலர் காட்டுவதில்லை. அதுதான் வருத்தம்!

வீட்டு லூர் என்றதும் நினைவுக்கு வருபவர் பின்லாந்து மீனவர் லாரி ரபாலா. கூட்டமாகப் போகும் சிறு மீன்களில், சற்றுத் தள்ளாடி நீந்துவதைத்தான் பெரிய மீன் பாய்ந்து பிடிக்கிறது என்பதை அவர் கவனித்தார். 1936-ல் செருப்புத் தைக்கும் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் ஜிகினாத் தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கி மேலே பூசினார். 1962-ல் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை அந்த லூரைப் பற்றி எழுதியது. அதே இதழின் அட்டையில் மர்லின் மன்றோ! இதழ் அமோகமாக விற்றது, ஆர்டர்களும் குவிந்தன.

இந்தக் கதையில் எல்லோரும் ரசிப்பது சாக்லேட் தாளை. ஆனால் மீனை இழுத்தது அந்தத் தள்ளாட்டம். அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பொருத்திய பாகங்களிலிருந்துதான்.

லூரின் வாய்க்குக் கீழே உதடு போல ஒரு தகடு இருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதுவதால்தான் லூர் ஆடுகிறது. தகடு செங்குத்தாக இருந்தால் மேலாகவே ஓடும், உடம்போடு நீட்டினாற்போல் இருந்தால் ஆழம் போகும். வயிற்றின் அடியில் வைக்கும் எடை அது கவிழாமல் பார்த்துக்கொள்ளும். லூர் ஒரு பக்கமாக ஓடினால், தங்கூசி கட்டும் மூக்கு வளையத்தை எதிர்ப்பக்கம் மயிரிழை வளைத்தால் போதும், நேராகிவிடும்.

இனி முள். தலையில் வளையம் உள்ள சின்னத் திருகாணியை மரத்தில் முடுக்கி, அதில் முள்ளை மாட்டிவிடுவது சுலபமான வழி. சிறு மீனுக்கு, பசை வைத்து முடுக்கினால், இது போதும். பெரிய மீனுக்குப் போதாது. பூச்சில் கீறல் விழுந்தால் மரம் தண்ணீர் குடிக்கும். ஊறி ஊறிக் காய்ந்தால் திருகாணியின் பிடி தளரும். ஒரு நாள் மீன் திமிறும்போது அது பிடுங்கிக்கொண்டு வரும். பிடித்தவருக்கு நஷ்டம் ஒரு மீன். மீனுக்கோ வாயில் மூன்று முனை முள்!

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. வயிற்றில் நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு பிளவு போட்டு, மூக்கு, வயிறு, வால் மூன்றுக்கும் ஒரே துருப்பிடிக்காத கம்பியை வளையங்களாக வளைத்து உள்ளே வைத்து, எபாக்ஸி பசையால் அடைத்துவிட வேண்டும். மரமே உடைந்தாலும் முள்ளும் தங்கூசியும் அந்தக் கம்பியில் சேர்ந்தே இருக்கும்.

"விளையாட்டுக்குச் செய்வதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?" என்று கேட்கலாம். கணக்குப் பார்த்தால், கூடுதல் செலவு ஒரு முழம் கம்பியும் அரை மணி நேரமும்தான். செலவை மிச்சம் பிடிப்பவர் ஒருவர், அதன் விலையைக் கொடுப்பது வேறொரு உயிர் என்றால், அதற்குப் பெயர் சிக்கனம் அல்ல.

எடைக்கு ஈயம் போடுவதும் இப்படித்தான். தூண்டில்காரர்கள் தவறவிட்ட ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால், 1987-ல் பிரிட்டன் சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனைக்குத் தடை போட்டது. டங்ஸ்டன், எஃகு என்று மாற்று இருக்கிறது.

லூரைத் தண்ணீரில் போடுவதற்கு முன், ஒவ்வொரு முள் வளையத்தையும் வில்தராசில் மாட்டி, தங்கூசி தாங்கும் எடை வரை இழுத்துப் பாருங்கள். அசையாமல் நின்றால், அதற்குப் பிறகு எந்த வண்ணம் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம்.