காமாலை மந்திரமும் தடுப்பு ஊசியும்

கண் மஞ்சளாய்ப் போனால் நம் ஜனங்களில் பலர் முதலில் தேடுவது மந்திரிக்கிறவரைத்தான். அவரும் வேப்பிலையால் நாலு வீச்சு வீசி, பத்தியம் சொல்லி, காணிக்கையும் வாங்கிக்கொள்ளுகிறார். சில வாரங்களில் காமாலை இறங்கியும் விடுகிறது. மந்திரத்தின் மகிமையென்று ஊரெல்லாம் பேச்சு! விஷயம் என்னவென்றால், ஹெபடைட்டிஸ் பி என்னும் ஈரல் கிருமி தொற்றிய திடகாத்திரமான பெரியவர்களில் 100-க்குச் சுமார் 95 பேருக்கு உடம்பே அதை விரட்டிவிடுகிறது. உடம்பு செய்த வேலைக்கு மந்திரக்காரர் கூலி வாங்குகிறார்.

நிற்க, எச்.ஐ.வி. உள்ள தோழர்களின் நிலைமை வேறு. அவர்கள் உடம்பில் இக்கிருமி நிலையாகத் தங்கிவிடுவது அதிகம். ஈரல் சுருங்குவதும் சீக்கிரம். இரத்தம், உடலுறவு, பிரசவம் என்று இரண்டு கிருமிகளுக்கும் வழி ஒன்றே.

கீழாநெல்லி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அதையும் சென்னை ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்து 1988-ல் வெளியிட்டார்கள். இக்கிருமியைக் கண்டதற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக எழுதினார்கள். பிற இடங்களில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பாட்டன் சொன்னதென்று ஒப்புக்கொள்ளாமலும், பாட்டன் சொன்னதென்றே தள்ளிவிடாமலும் பரீட்சித்தார்களே, அதை நாம் பாராட்டுகிறோம்.

தடுப்பு ஊசி 1981-லேயே வந்துவிட்டது. 1997-ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே செய்து விலையை இறக்கிற்று. 2011 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்குச் சர்க்கார் போட்டு வருகிறார்கள். கர்மபலன் பேசுகிற பெரிய மனிதர்களும் தங்கள் பேரனுக்கு இதைப் போடத் தவறுவதில்லை! ஆனால் அதற்கு வெகுகாலம் முன் பிறந்து, இன்று ஏலத்தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் ஏது?

எச்.ஐ.வி. உள்ள பலருக்குச் சாதாரண அளவு பலிப்பதில்லை. ஆகையால் இரட்டிப்பு அளவாக 40 மைக்ரோகிராம் போடுவதுண்டு; கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி உண்டாயிற்றா என்று இரத்தத்தில் பார்க்கவும் வேண்டும். முன் ஊசி பலிக்காதவர்களுக்கு ஹெப்லிசாவ்-பி என்னும் புதுமாதிரி ஊசியை மூன்று தடவை போட்டதில் 100-க்கு 99 பேருக்குப் பலித்ததாகவும், பழைய மாதிரியில் சுமார் 81 பேருக்கே பலித்ததாகவும் 2024-ல் வெளியாயிற்று. இவர்கள் தினமும் சாப்பிடும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஈரல் கிருமியையும் அடக்குகின்றன. இரண்டு கிருமியும் உள்ளவர் எந்தச் சாமியார் பேச்சையாவது கேட்டு மாத்திரையை நிறுத்தினால் இரண்டும் ஒருங்கே தலைதூக்கும்.

குரங்கணியிலோ கொட்டகுடியிலோ இருக்கும் ஒரு கூலிக்கார அம்மாளுக்கு ஆறு மாதத்திற்குள் மூன்று தடவை ஊசிக்கென்றே மலையிறங்குவது மூன்று நாள் கூலியை இழப்பதாகும். ஆதலால் எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வருகிற நாளிலேயே இரத்தப் பரிசோதனையும் ஊசியும் நடக்கும்படி அதிகாரிகள் செய்ய வேண்டும். ஒருவருடைய எச்.ஐ.வி. விவரத்தை வெளியிடக் கூடாதென்று 2017-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. ஊசிச் சீட்டைப் பார்த்து ஊரார் வம்பு பேசும்படியும், கிணற்றடியில் ஒதுக்கும்படியும் வைத்துவிடலாகாது. போடி வட்டாரத்துத் தோழர்கள் இதைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுதிக் கேட்பார்களாக.