மேற்படிப்பிற்கு இடந் தேர்தல்

ஒரு பட்டம் பெற்ற அளவில் கல்வி முற்றிற்று என்று எண்ணிய காலம் கழிந்தது. இற்றைநாளில் நம் கல்லூரியினின்றும் வெளிச்செல்லும் மாணவருட் பலர், முதுகலையும் தொழில்நுட்ப முதுநிலையும் ஆராய்ச்சிப் பட்டமும் நாடி, நம் நாட்டுக் கழகங்கட்கும் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்கட்கும் விண்ணப்பிக்கின்றனர். விண்ணப்பம் எழுதும் முறைபற்றி அறிவுரை கூறுவார் பலர் உளர். விடை வந்தபின் செய்யத்தக்கது யாது என்று கூறுவார் அரியர். ஒருவருக்கு மூன்றிடங்களினின்றும் அழைப்பு வருகின்றது. மற்றொருவருக்குக் ‘காத்திருப்போர் வரிசையில் வைக்கப்பட்டுள்ளீர்’ என்னும் செய்தி மட்டும் வருகின்றது. இவ்விருவரும் ஒரே வகுப்பில் ஒரே பலகையில் இருந்து படித்தவராகவும் இருத்தல் கூடும். முன்னவர் இன்று செய்யும் செயலைப் பொறுத்தே பின்னவரின் நாளை அமைகின்றது. இவ்வுண்மை பெரும்பாலும் உணரப்படுவதில்லையாதலின், இதுபற்றிச் சில கூறப் புகுகின்றோம்.

காத்திருப்போர் வரிசை என்பது யாது? ஒரு துறையில் முப்பது இடங்கள் உள்ளன என்று கொள்வோம். துறைத் தலைவர் முப்பதின்மரை மட்டும் அழைப்பாராயின், அவருட் சிலர் வேறிடம் சென்றுவிட, வகுப்பிற் சில இருக்கைகள் வெறுமையாய்க் கிடக்கும். ஐம்பதின்மரை அழைத்து அனைவரும் வந்துவிடுவாராயின், இருக்க இடமும் கொடுக்க உபகாரச் சம்பளமும் இரா. வருவார் எத்துணையர் என்பதை அவர் அறியார். ஒரு மாணவர் வேறு எங்கெங்கு விண்ணப்பித்துள்ளார், அவற்றுள் எதனை முதலாகக் கருதுகின்றார் என்பதும் அவருக்குத் தெரியாது. இவ்வறியாமையினின்று பிறந்ததே காத்திருப்போர் வரிசை. ஆதலின் அவ்வரிசையில் நிற்பவர் தகுதியற்றவர் அல்லர். பிறரது விடையை எதிர்நோக்கி நிற்பவரே ஆவர்.

இத்தொல்லை இன்று நேற்று எழுந்ததன்று. ஐக்கிய அமெரிக்க நாடுகளில் மருத்துவப் பட்டம் பெற்றோரை மருத்துவமனைகளிற் பயிற்சிக்கு அமர்த்தும் செயலில், ஏறத்தாழ 80 ஆண்டுகட்கு முன் இதுவே பெருங்குழப்பம் விளைவித்தது. ஓரிடத்து அழைப்பும், அதனினும் தாம் விரும்பிய வேறோரிடத்துக் காத்திருப்பும் பெற்ற மாணவர், கடைசி நாழிகை வரையில் விடையளியாது அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டனர். அது கண்ட மருத்துவமனைகள் விடைக்குரிய தவணையைக் குறுக்கலாயின. 1945-இல் பத்து நாளாக இருந்த தவணை வரவரத் தேய்ந்து, 1949-இல் பன்னிரண்டு மணி நேரமும் மிகை என்று தள்ளப்படும் நிலை வந்தது. ஒவ்வொருவரும் தத்தம் நலத்தையே பற்றி நின்றமையால், எண்ணிப் பார்த்தற்குரிய காலத்தை எல்லாரும் ஒருங்கே இழந்தனர். முடிவில், மாணவரின் விருப்ப வரிசையையும் மருத்துவமனைகளின் விருப்ப வரிசையையும் ஓரிடத்திற் பெற்றுப் பொருத்தும் பொதுமுறையொன்று 1952 முதல் நடைமுறைக்கு வந்தது. அஃது இன்றும் வழங்குகின்றது.

கல்லூரிச் சேர்க்கையையே பொருளாகக் கொண்டு டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் கணித அறிஞர் இருவர் 1962-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். அவர் வகுத்த முறையின் சாரம் வருமாறு: மாணவர் ஒவ்வொருவரும் தாம் மிக விரும்பும் கல்லூரிக்கு முதலில் விண்ணப்பிப்பர். கல்லூரி தன் இடங்களின் அளவுக்கு ஏற்பத் தகுதியாற் சிறந்தாரை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டு, எஞ்சியோரை உடனே விடுவிக்கும். விடுபட்டோர் தம் விருப்பில் அடுத்து நிற்கும் கல்லூரியை நாடுவர். புதிதாய் வந்தவர் முன் நிறுத்தப்பட்டவரினும் மேலானவராயின், முன்னவர் விடுவிக்கப்படுவர். இனி விடுபடுவார் இல்லை என்னும் நிலை வந்தபின்பே சேர்க்கை உறுதியாகும். இங்ஙனம் செய்யின், ‘எனக்குக் கிடைத்ததினும் நான் மிக விரும்பிய கல்லூரி, தான் சேர்த்துக்கொண்டவரினும் என்னை மிக விரும்பியும் நான் அங்குச் சேரக்கூடவில்லையே’ என்று வருந்துவார் ஒருவரும் இரார் என்று அவ்விருவரும் நிறுவினர். அமெரிக்க மருத்துவமனைகளின் முறையும் இதனை ஒத்ததே என்பதை 1984-இல் ஆல்வின் ராத் என்பார் எடுத்துக்காட்டினார். ஷாப்லியும் ராத்தும் 2012-இல் பொருளியலுக்குரிய நோபெல் நினைவுப் பரிசு பெற்றனர். கேல் 2008-இலேயே காலமாயினார்.

நிற்க. இக்கணித நுட்பத்தினின்றும் நம் மாணவர் கொள்ளத்தக்க நெறியொன்று உளது. அம்முறையின் உயிர்நாடி, வேண்டாததை உடனே விடுவித்தல். கல்லூரிகள் மாணவரை அழைக்கும் இடத்தும் இதனையே மாணவர் கைக்கொள்ளலாம். எக்காலத்தும் கையில் ஓர் அழைப்பே இருத்தல் வேண்டும். இரண்டாவது அழைப்பு வந்தபொழுது இரண்டனையும் ஒப்புநோக்கி, மேலானதை வைத்துக்கொண்டு மற்றதைத் தாமதமின்றி விட்டுவிடுதல் வேண்டும். அதனினும் சிறந்ததொன்றை எதிர்பார்த்து அவ்வொன்றைக் கையில் வைத்திருத்தல் குற்றமன்று. மூன்றை வைத்துக்கொண்டு வாளாவிருத்தலே குற்றம். தானும் உண்ணாது, உண்ண வந்த மாட்டையும் விரட்டும் வைக்கோற்போர் நாயை எடுத்துக்காட்டி நம் முன்னோர் இகழ்ந்தது இத்தகைய இயல்பினையே.

கேட் தேர்வின் வழியாக இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் முதுநிலை வகுப்பிற் சேர்வார்க்கு ஏற்பட்டுள்ள சி.ஓ.ஏ.பி. என்னும் பொது வாயில் இந்நெறியையே தழுவியுள்ளது. ஆங்கு ஒவ்வொரு சுற்றிலும் அழைப்புப் பெற்றவர், அதனை ஏற்று அமையலாம். அதனை வைத்துக்கொண்டு அடுத்த சுற்றினை எதிர்நோக்கலாம். அல்லது அதனைத் தள்ளிவிட்டுக் காத்திருக்கலாம். ஆயினும் எல்லாத் துறைகட்கும் எல்லாப் பல்கலைக்கழகங்கட்கும் இத்தகைய பொது வாயில் இல்லை. வாயில் இல்லாத இடத்து மாணவரின் மனச்சான்றே வாயிலாக நிற்றல் வேண்டும்.

‘கையில் உள்ளதை விட்டபின் மற்றதும் நழுவினால் எம் கதி யாது?’ என்று வினவுவார் உளர். வினா நேரியதே, ஏழைக் குடும்பத்து மாணவர்க்கு ஓராண்டு வீணாதல் சிறு துன்பமன்று. ஆதலின் வாய்மொழியையோ வாழ்த்துச் செய்தியையோ நம்பி எதனையும் விடற்க. உபகாரச் சம்பளத்தின் அளவும் காலமும் குறித்த எழுத்து மூலமான அழைப்பு வந்த பின்னரே மற்றதை விடுக. பிறநாடு செல்வார்க்கு விசா என்னும் தடை ஒன்றுளதாகலின், அது கிடைக்கும் வரையில் நம் நாட்டில் ஓரிடம் வைத்திருத்தலை யாம் குறைகூறோம். ஆயினும் எந்நாள் வரையில் அவ்வாறு வைத்திருப்பது என்பதைத் தமக்குத் தாமே முன்னரே வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. எவ்வாற்றானும் தாம் செல்லப் போவதில்லை என்று உள்ளம் அறிந்த இடத்தைப் பெருமைக்காக வைத்திருத்தற்கோ ஒரு நியாயமும் இல்லை.

விரைந்து விடுக என்றமையால் விரைந்து ஏற்க என்பது கருத்தன்று. ஐக்கிய அமெரிக்க நாடுகளில் முதுநிலைக் கல்வி நிலையங்களின் பேரவை இயற்றிய தீர்மானம் ஒன்றுண்டு. அதிற் கையொப்பமிட்ட பல்கலைக்கழகங்கள் தரும் உபகாரச் சம்பள அழைப்பிற்கு, மாணவர் ஏப்ரல் 15-ஆம் நாளுக்கு முன் விடையளிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். பொருளுதவி இல்லாத அழைப்புகட்கு இத்தீர்மானம் பொருந்தாது. இதனை அறியாத நம் மாணவர் சிலர், பிப்ரவரித் திங்களிலேயே விடை வேண்டும் என்னும் கடிதம் கண்டு நடுங்கி, ஆராயாது ஒப்புகின்றனர். அங்ஙனம் நேரின், அப்பல்கலைக்கழகம் தீர்மானத்திற் சேர்ந்ததா என்று பார்த்து, பணிவோடு காலம் கேட்டல் தகும். ஆனால் ஏப்ரல் 15 என்பது எண்ணுதற்கு அளித்த எல்லை. எண்ணி முடித்தவரும் அந்நாள் வரையில் வாய்மூடியிருத்தற்கு அளித்த உரிமையன்று. மார்ச்சுத் திங்களில் விடப்பட்ட ஓரிடம், காத்திருப்பவருக்கு அமைதியாக எண்ணிப் பார்க்க நாள் தரும். கடைசி நாளின் மாலையில் விடப்பட்டதோ அவரையும் அலைக்கழிக்கும்.

இனி, இரண்டு அழைப்புகளை ஒப்புநோக்குதல் எவ்வாறு? பெயரொலி கேட்டு மயங்குதல் பெரும்பான்மையோர் இயல்பு. இளநிலை வகுப்பிற் கல்லூரியின் பெயர் ஒருவாறு பயன்தரலாம். ஆராய்ச்சிக்குச் செல்வார்க்கோ வழிகாட்டும் ஆசிரியரே பாதிப் பல்கலைக்கழகம் ஆவர். அவரிடம் முன் பயின்றோர் எத்துணை ஆண்டில் பட்டம் பெற்றனர், இடையில் விட்டுச் சென்றார் உளரோ, அவர் விரைவில் ஓய்வு பெறுவாரோ வேறிடம் மாறுவாரோ என்பனவற்றை இப்பொழுது அவரிடம் பயிலும் மாணவரைக் கேட்டறிதல் வேண்டும். அவர் தயங்கித் தரும் விடையும் ஒரு விடையே.

அடுத்தது பொருள். உபகாரச் சம்பளம் ஓராண்டிற்கா, படிப்பு முடியும் வரையிலா? ஆண்டில் ஒன்பது திங்களுக்கா, பன்னிரண்டுக்கா? போதனைக் கட்டணம் நீங்கலாக வேறு கட்டணம் உண்டா? அந்நகரில் ஓர் அறைக்கு வாடகை யாது? இவை கேட்கக் கூசத்தக்க வினாக்கள் அல்ல. நம் நாட்டில் இளநிலை ஆராய்ச்சியாளர்க்குரிய உதவித்தொகை 2023 சனவரி முதல் திங்களுக்கு ரூ. 37,000 ஆகவும், முதுநிலை ஆராய்ச்சியாளர்க்கு ரூ. 42,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் இவ்வுதவி பெற்றவர் அதனைத் தாம் சேரும் ஆராய்ச்சி நிலையத்திற்கு உடன்கொண்டு செல்லலாமாதலின், அவருக்கு ஆசிரியரைத் தேரும் உரிமை மிகுதி. அவ்வுரிமையைப் பெயர்ப்பலகைக்கு விற்றுவிடுதல் அறிவுடைமையாகாது. வீட்டின் நிலையும் எண்ணத்தக்கதே. கடன் வாங்கிச் சேரும் புகழ்பெற்ற இடத்தினும், கடனின்றிச் சேரும் நல்ல இடம் பலருக்கு மேலானது.

காத்திருப்போர் வரிசையில் நிற்பவர்க்கும் ஒரு சொல். அவ்வரிசை தகுதி முறைப்படி அமைந்ததா, சென்ற ஆண்டுகளில் எத்துணையர் அதனின்றும் அழைக்கப்பட்டனர், முடிவு எந்நாளில் தெரியும் என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். அவ்விடமே தமக்கு முதல் விருப்பமாயின், அழைத்தால் வருவது உறுதி என்பதையும் எழுதலாம்; உண்மையல்லாதபோது எழுதலாகாது. கிழமைதோறும் எழுதி அலுவலரைத் தொல்லைப்படுத்தாது, புதிதாய்ப் பெற்ற மதிப்பெண்ணோ வெளியான கட்டுரையோ இருப்பின் அதனைத் தெரிவித்து அமைக. இதனிடையே கையில் வேறோர் அழைப்பு இருப்பின், அங்குச் செல்லுதற்கு உள்ளத்தை ஆயத்தம் செய்துகொள்க. கேட் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். ஓராண்டுக் காத்திருப்பு வாழ்நாளின் தோல்வி ஆகாது.

மாணவரை மட்டும் கண்டித்து, கல்வி நிலையங்களை விட்டுவிடுதல் நடுநிலை ஆகாது. மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளுதலும், சில நாட்களுக்குள் பெருந்தொகை கட்டுக என்று நெருக்குதலும், விலகுவார்க்குப் பணம் தர மறுத்தலும் இன்றும் ஆங்காங்கு நிகழ்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு இவற்றைத் தடுக்கின்றது. சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் திருப்பித் தருதல் வேண்டும். சேர்க்கைக்கு அறிவித்த இறுதி நாளுக்கு 15 நாளேனும் முன்னர் விலகுவார்க்கு, அலுவற் செலவாக நூற்றுக்கு 5-க்கும் ரூ. 5,000-க்கும் மிகாத தொகை நீங்கலாகக் கட்டணம் முழுதும் தருதல் வேண்டும். அதன்பின் நாள் செல்லச் செல்லக் கிடைக்கும் பங்கு குறைந்து, இறுதி நாளுக்குப்பின் 30 நாள் கடந்துவிடின் ஒன்றும் கிடையாது. சில ஆண்டுகளில் குழு தனியாக வேறு தவணையும் அறிவிப்பதுண்டு; அவ்வவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்க. விரைந்து விடுதல் அறம் மட்டுமன்று, ஆதாயமும் ஆம் என்பது இதனால் விளங்கும். சான்றிதழும் பணமும் எளிதிற் திரும்பும் என்ற நம்பிக்கை இருந்தாலன்றோ மாணவரும் அஞ்சாது இடத்தை விடுவர்!

ஆசிரியப் பெருமக்கட்கு ஒரு வேண்டுகோள். பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவதோடு தம் கடமை முடிந்தது என்று கருதாது, விடை வரும் பிப்ரவரி முதல் சூலை வரையிலான திங்கள்களிலும் மாணவர்க்கு அருகிருந்து ஆலோசனை கூறுவாராக. பழைய மாணவர் தாம் பயின்ற இடங்களின் நிறையோடு குறையையும் மறையாது எழுதியனுப்புவாராக. இறுதியாண்டு மாணவர் தத்தம் துறையில் ஒரு குறிப்பேடு வைத்து, அழைப்புப் பெற்ற இடம், ஏற்றது, விட்டது, விட்ட நாள் ஆகியவற்றை எழுதி வருவாராயின், பின்வருவார்க்கு அது பெருந்துணையாகும்.

ஓர் அழைப்பை மறுத்து எழுதும் கடிதத்திற்கு ஐந்து வரி போதும். அதனை எழுத அரை நாழிகையும் வேண்டா. அது சென்று சேர்ந்த பின்னர் எங்கோ ஓர் ஊரில், தொலைபேசியை நோக்கியவாறு இருக்கும் முன்பின் அறியாத ஒரு குடும்பத்திற்கு நற்செய்தி செல்லலாம். அக்குடும்பத்தார் நம் பெயரை ஒருபோதும் அறியார். அறியாராயினும் எழுதுக, இன்றே எழுதுக.