இரும்பு மீக்கடத்தி: கோபால்ட் கலந்தால் ஓகே, மாங்கனீஸ் கலந்தால் காலி... ஏன்?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்துக்குள் இருக்கும் பெரிய காந்தம், மீக்கடத்திக் கம்பியால் ஆனது. மீக்கடத்தி என்றால் மின்தடையே இல்லாத பொருள். ஆனால் ஒரு சிக்கல்: அந்தக் கம்பியைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைக்க வேண்டும். செலவு எகிறுவது இங்கேதான். இவ்வளவு குளிர் தேவைப்படாத பொருளுக்கான தேடலில் முக்கியமான போட்டியாளர், இரும்பு!

இரும்பா... எப்படி?

காந்தத்தன்மை மீக்கடத்தலுக்கு எதிரி என்பதால், இரும்பிடம் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 2008-ல் ஜப்பானின் ஹிடியோ ஹொசோனோ குழு, இரும்பும் ஆர்செனிக்கும் உள்ள ஒரு சேர்மம் 26 கெல்வினில், அதாவது மைனஸ் 247 டிகிரியில், மீக்கடத்தி ஆவதைக் கண்டறிந்தது. அதே ஆண்டில் இந்தக் குடும்பத்தின் இன்னொரு சேர்மம் 55 கெல்வினைத் தொட்டது.

வேறு உலோகம் கலந்தால் என்ன ஆகும்?

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக ஓடும். ஈயம், அலுமினியம் போன்ற பழைய ரக மீக்கடத்திகளில், காந்தத்தன்மை இல்லாத மாசு இந்த ஜோடிகளைப் பெரிதாகப் பாதிக்காது என்று 1959-ல் விளக்கினார் பிலிப் ஆண்டர்சன். காந்தத்தன்மை உள்ள மாசு என்றால் ஜோடி உடைந்துவிடும்.

இரும்பு விஷயத்தில் கதையே வேற. பேரியம், இரும்பு, ஆர்செனிக் சேர்ந்த சேர்மத்தைச் சாதாரணமாகக் குளிர வைத்தால் அது மீக்கடத்தி ஆகாது. சில இரும்பு அணுக்களை எடுத்துவிட்டு கோபால்ட்டை வைத்தால், சுமார் 22 கெல்வினில் ஆகிவிடுகிறது! கோபால்ட்டில் இரும்பைவிட ஒரு எலக்ட்ரான் அதிகம். அது சேர்மத்தின் காந்த ஒழுங்கைத் தளர்த்துவதால் ஜோடி சேர வழி கிடைக்கிறது. அளவு மீறினால் மீக்கடத்தல் மறுபடியும் போய்விடும். அதே இடத்தில் மாங்கனீஸை வைத்தால் மீக்கடத்தல் வருவதே இல்லை. அதன் காந்தத்தன்மை அப்படி.

இரும்புக்கு இரும்பே வில்லன்

இரும்பு செலினைடு இன்னும் கறார். 100 செலினியம் அணுக்களுக்கு 101 இரும்பு அணுக்கள் இருந்தால் 8.5 கெல்வினில் மீக்கடத்தி. 103 ஆனால் அந்தப் பண்பே காணாமல் போகிறது. இது 2009-ல் வெளியான ஆய்வு முடிவு.

இதனால் என்ன பயன்?

எந்த மாசு ஜோடியை உடைக்கிறது என்று பார்த்தால், ஜோடி எப்படிச் சேர்கிறது என்பதற்குத் துப்பு கிடைக்கும். இரும்பு வகையில் காந்த அதிர்வுகளே ஜோடி சேர்க்கின்றன என்கிறது பிரபலமான ஒரு கோட்பாடு. அது சரி என்றால் காந்தத்தன்மை இல்லாத மாசுகூட மீக்கடத்தலை வேகமாக அழிக்க வேண்டும். பல சோதனைகளில் அந்த வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. எனவே விவாதம் தொடர்கிறது.

இதற்கிடையே, 2016-ல் சீனா 100 மீட்டர் நீள இரும்பு மீக்கடத்திக் கம்பியைத் தயாரித்துக் காட்டியது. ஆய்வகத் துண்டில் சரியாக வரும் அணுக் கணக்கு, நீளமான கம்பி முழுக்க ஒரே மாதிரி வர வேண்டும். இரும்பு மீக்கடத்திக்கு உண்மையான பரீட்சை அதுதான்.