ஓடிபி சொன்னது யார்?

"ஓடிபி நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள்." எஸ்.எம்.எஸ்.ஸில், ஏடிஎம் சுவரில், எங்கு பார்த்தாலும் இதே உபதேசம்தான். நல்ல உபதேசம். ஆனால் பணம் போனாலே வாடிக்கையாளர்தான் ஏமாளி என்று ஒரு எண்ணத்தையும் சேர்த்து வளர்த்துவிட்டார்களே, அதுதான் இடிக்கிறது!

சரி, கும்பகோணத்தில் நடந்ததைப் பாருங்கள். சிட்டி யூனியன் வங்கியின் தலைமையகம் அங்கேதான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் ஒன்றுக்கொன்று உத்தரவு அனுப்பும் தகவல் அமைப்புக்கு ஸ்விஃப்ட் என்று பெயர். 2018 பிப்ரவரியில் அதன் வழியே இந்த வங்கியின் பெயரில் மூன்று போலி உத்தரவுகள் போயின. துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர்! உறுதிச் செய்தி அச்சாகும் பிரிண்டரையும் திருடர்கள் முடக்கிவிட்டார்கள். மறுநாள் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. பிளஸ் ஒன்னில் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டு போடும் 'வங்கி சரிகட்டும் பட்டியல்' இருக்கிறதே, அதே வேலைதான். துபாய்ப் பணம் உடனே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

பிரிண்டர் தந்திரமும் புதிதல்ல. 2016-ல் பங்களாதேஷ் மத்திய வங்கியின் 8.1 கோடி டாலர் போனபோதும் பிரிண்டர் முடங்கித்தான் கிடந்தது. இரண்டு வருடம் கழித்து அதே பாடம் கும்பகோணத்தில்! அதே 2018 ஆகஸ்டில் புனே காஸ்மோஸ் கூட்டுறவு வங்கியில் சுமார் 94 கோடி ரூபாய் போனது.

இங்கெல்லாம் எந்த வாடிக்கையாளர் ஓடிபி சொன்னார்?

வங்கி பறிகொடுத்தால் அது 'சர்வதேச இணையக் குற்றவாளிகளின் தாக்குதல்'. சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெரியவர் பறிகொடுத்தால் அது 'கவனக்குறைவு'. என்ன நியாயம் இது?

"அவரே நம்பரைச் சொல்லியிருந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை அதற்கும் பதில் சொன்னது. ரகசிய எண்ணை அவரே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை போனது அவர் நஷ்டம். புகாருக்குப் பிறகு போவது வங்கியின் நஷ்டம். தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா பொறுப்பும் கிடையாது. இருவர் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ ஓட்டை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னாலே போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கி.

கவுண்டரில் நடப்பதோ தலைகீழ். "நீங்கதான் சொல்லியிருப்பீங்க" என்று ஒரே வரியில் தீர்ப்பு! விதியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஓடிபி எச்சரிக்கையை ஆயிரம் தடவை அனுப்பும் வங்கி, இந்த உரிமையையும் ஒரு தடவை அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

பணம் போனால் அழுதுகொண்டு நிற்காதீர்கள் நண்பர்களே. உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். "நீங்கதான் சொன்னீங்க" என்றால், "நிரூபிச்சுக் காட்டுங்க சார்" என்று சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் ஜன்னலைப் பூட்டினாரா என்று கேட்கட்டும். பெட்டகச் சாவியை வைத்திருப்பவரிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டாமா?