தரவு வந்தது, தமிழ் வரவில்லை



குவீன்ஸ்டவுனில் நான் அறிந்த ஒரு தமிழ் வகுப்பில் பழைய கணினியை மாற்றினார்கள். மாணவர் பட்டியல் புதிய ஆக்சஸ் தரவுத்தளத்திற்குச் சென்றது. ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காக வந்தன. தமிழ்ப் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் பொருளற்ற இலத்தீன் குறிகள் நின்றன. "பேசாமல் சான்றிதழை ஆங்கிலத்திலேயே அச்சிட்டுவிடலாமே" என்றார் பொறுப்பாளர். அந்தப் "பேசாமல்" என்ற சொல்லைத்தான் நான் எதிர்க்கிறேன்.

குறை தமிழில் இல்லை. உரைக்கோப்பை எப்படிப் படிப்பது என்ற விதிகளை ஆக்சஸ் ஓர் இறக்குமதி வரையறையாகச் சேமிக்கிறது. எழுத்துக் குறியீடு, புலங்களைப் பிரிக்கும் குறி, தேதியின் வரிசை, ஒவ்வொரு புலத்தின் வகை ஆகியவை அதில் அடங்கும். யூடிஎஃப்-8 கோப்புக்குரிய எண் 65001. அதையே 1252 என்று படித்தால் தமிழ் சிதையும். 05/12 என்பது டிசம்பர் 5 ஆக இருக்க, மாதத்தை முதலில் வைத்துப் படித்தால் மே 12 ஆகிவிடும். பதிவெண்ணை எண்ணாகக் கொண்டால் முன்னிற்கும் சுழியம் மறையும். தரவை எடுத்துக்கொண்டு வரையறையை விட்டுவிடுவது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாவியை விட்டுவருவதற்கு ஒப்பாகும்.

"ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்தெடுத்தால் போயிற்று" என்பார் உளர். அவ்வாறாயின் நம் பிள்ளைகளின் பெயர் ஒருவரது நினைவாற்றலை நம்பியே நிற்கும். அவர் விலகினால் பெயரும் விலகும்.

வழி எளிது. புதிய தரவுத்தளத்தைத் திறந்து, பழைய ஆக்சஸ் கோப்பிலிருந்து இறக்குமதி செய்யும் சாளரத்தில் 'ஆப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்துக. 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட் ஸ்பெக்ஸ்' என்பதைக் குறியிட்டு ஏற்றுக்கொள்க. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அறிமுகமான 'சேவ்ட் இம்போர்ட்ஸ்' வேறு வகை. அது எக்ஸ்எம்எல் வடிவில் தனியே உள்ளது. விபிஏ நிரலில் சில வரிகள் எழுதி அதைப் படியெடுக்கலாம். அதனுள் பழைய கணினியின் கோப்புப் பாதை இருக்கும். அதை மாற்ற மறவாதீர். திஸ்கியில் அமைந்த பழைய கோப்புகளை மட்டும் முதலில் ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும்.

மாணவர் விவரம் வெளியே போய்விடும் என்ற அச்சமும் வேண்டா. வரையறையில் இருப்பது படிக்கும் முறை, பிள்ளைகளின் பெயரன்று. வெற்றுத் தரவுத்தளத்தில் வைத்து அடுத்த வகுப்புக்கும் கொடுத்துதவலாம்.

1997இலும் 2000இலும் தமிழ் இணைய மாநாடு கூடிய ஊர் இது. உத்தமம் அமைப்பு பிறந்ததும் இங்கேதான். கணினியில் தமிழ் ஏறுவதற்கு நா. கோவிந்தசாமி உழைத்த சிங்கப்பூரில், ஒரு குறியீட்டு எண்ணை எடுத்துவரச் சோம்பி நாம் தமிழைக் கைவிடுவது முறையா?

ஆசிரியர்களே, பொறுப்பை ஒப்படைக்கும் பட்டியலில் இறக்குமதி, ஏற்றுமதி வரையறைகளையும் ஓர் உருப்படியாகச் சேருங்கள். பெற்றோர்களே, புதிய பட்டியலில் உங்கள் பிள்ளையின் பெயரைத் தமிழில் காட்டுமாறு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. காட்டுவது எங்கள் கடமை.