கராஜ் கதவைத் தூக்குவது மோட்டார் அல்ல: ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன் தெரிய வேண்டியவை

காலையில் ஆபீஸ் கிளம்பும் நேரம். பட்டனை அமுக்கினால் மோட்டார் முனகுகிறது. கதவு அரை அடி எழும்பி அப்படியே நின்றுவிடுகிறது. மேலே பார்த்தால், கறுப்பாகச் சுருண்டிருக்கும் கம்பிச் சுருளின் நடுவே இரண்டு அங்குல இடைவெளி. முந்தைய இரவு கேட்ட 'டமார்' சத்தம் பக்கத்து வீட்டுப் பட்டாசு இல்லை, ஸ்பிரிங் முறிந்த சத்தம் என்பது அப்போதுதான் புரியும்.

அமெரிக்கா, கனடா புறநகர் வீடுகளில் இது சர்வ சாதாரணம். டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ முதல் வீடு வாங்கும் தமிழ் இளைஞர்களுக்கும் சில வருடங்களில் இந்த அனுபவம் வந்து சேரும். உடனே நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யோசனை வரும்: "மச்சான், ஆளைக் கூப்பிட்டா சில நூறு டாலர் போயிடும். ஸ்பிரிங்கை ஆன்லைன்ல வாங்கு, வீடியோ பாத்து நாமளே மாட்டிடலாம்."

மாட்ட முடியுமா? முடியும். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாட்டலாமா என்பதுதான் கேள்வி. அதற்கு அந்த ஸ்பிரிங் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எடையைத் தூக்குவது யார்?

சி.ஜி. ஜான்சன் என்ற அமெரிக்கர் மேலே தூக்கும் கராஜ் கதவை உருவாக்கியது 1921-ல். 1926-ல் அதற்கு மின்சார ஓப்பனரும் வந்தது. அன்று முதல் பலரும் நினைத்துக்கொண்டிருப்பது, கதவைத் தூக்குவது மோட்டார் என்று. அது பாதி உண்மைகூட இல்லை.

இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு பொதுவாக 16 அடி அகலம், 7 அடி உயரம். எடை சுமார் 70 முதல் 110 கிலோ வரை இருக்கும். மரக் கதவு என்றால் இன்னும் அதிகம். இந்த எடையைச் சுமப்பது கதவுக்கு மேலே உள்ள இரும்புத் தண்டில் மாட்டியிருக்கும் டார்ஷன் ஸ்பிரிங், அதாவது முறுக்கு ஸ்பிரிங். அது தண்டைத் திருக, தண்டின் இரு முனையிலும் உள்ள டிரம்கள் கேபிளைச் சுற்ற, கதவு எழும்புகிறது. மோட்டார் வெறுமனே கதவை நகர்த்திவிடுகிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங் சரியாக இருந்தால் ஒரு சிறுவனால்கூட ஒற்றைக் கையில் கதவைத் தூக்கிவிட முடியும்.

நம்ம ஊர் கடைத்தெருவில் கையால் தூக்கிவிடும் ஷட்டரும் இதே கணக்குதான். உள்ளே ஸ்பிரிங் உயிரோடு இருக்கும்வரை ஒரே தள்ளில் மேலே போகும். ஸ்பிரிங் போய்விட்டால் இரண்டு பேர் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டும்.

கையில் 10 கிலோ, உள்ளே எவ்வளவு?

கதவு மூடியிருந்தால் ஸ்பிரிங் ஓய்வில் இருக்கும் என்று தோன்றும். நிஜம் நேர்மாறானது. கதவு கீழே இருக்கும்போதுதான் ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கிறது. 90 கிலோ கதவு மேலே போய்ப் படுக்கும்போது அதன் எடை மையம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்கிறது. அதற்குத் தேவையான சுமார் 900 ஜூல் ஆற்றல், மூடிய கதவின் ஸ்பிரிங்குக்குள் எந்நேரமும் காத்துக்கொண்டிருக்கிறது.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. 7 அடி கதவுக்கு ஸ்பிரிங்கை ஏறத்தாழ ஏழரைச் சுற்று முறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கால் சுற்று, மொத்தம் 30 தடவை. ஒற்றை ஸ்பிரிங் உள்ள 90 கிலோ கதவில், 18 அங்குல இரும்புக் கம்பியால் முறுக்கினால், கடைசிச் சுற்றில்கூட கையில் தெரியும் பாரம் சுமார் 10 கிலோதான். "இவ்ளோதானா?" என்று தோன்றும். அந்த எண்ணம்தான் ஆபத்து. கம்பி கையை விட்டு நழுவினால் அந்த 10 கிலோ கணக்கெல்லாம் செல்லாது. ஏழரைச் சுற்றும் ஒரே நொடியில் அவிழும். கம்பி சாட்டை மாதிரி சுழன்று விரலிலோ முகத்திலோ இறங்கும்.

கையில் கிடைத்த ஸ்க்ரூடிரைவரைச் செருகி முறுக்குவது இன்னும் மோசம். அது துளைக்குள் முழுசாகப் பொருந்தாது. நீளமும் பாதிதான் என்பதால் கைக்கு வரும் பாரம் இரண்டு மடங்கு.

முறைப்படி எப்படி மாட்டுகிறார்கள்?

பயிற்சி உள்ளவர் முதலில் ஓப்பனரின் மின் இணைப்பைப் பிடுங்குவார். கதவை மூடி, எழும்பாதபடி தண்டவாளத்தில் கிளாம்ப் போடுவார். முறுக்கு மிச்சமிருக்கும் பழைய ஸ்பிரிங்கை, அதற்கென்றே உள்ள இரண்டு வைண்டிங் பார்களால், ஒன்று மாற்றி ஒன்று செருகி, கால் சுற்றாக அவிழ்ப்பார். ஒரு கம்பி வெளியே வரும்போது இன்னொன்று உள்ளே இருந்தே ஆக வேண்டும். உடம்பு கம்பியின் சுழற்சிப் பாதைக்கு நேராக நிற்காது, சற்று விலகித்தான் நிற்கும்.

அதன்பின் புது ஸ்பிரிங். உள்ளிருந்து பார்த்தால் நடு பிராக்கெட்டின் இடப்பக்கம் வலச்சுற்று ஸ்பிரிங், வலப்பக்கம் இடச்சுற்று ஸ்பிரிங். இரண்டையும் மாற்றிப் போட்டால் கதை முடிந்தது. இரண்டு பக்கக் கேபிளும் டிரம்மில் சம இறுக்கத்தில் உட்கார்ந்த பிறகே முறுக்கத் தொடங்குவார். ஸ்பிரிங் மேல் நீளவாக்கில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தால், முறுக்க முறுக்க அது திருகுக் கோடாக மாறும். அதை வைத்துச் சுற்றை எண்ணலாம். கடைசியில் கோனின் திருகாணிகளை இறுக்கி, கிளாம்பை எடுத்து, கதவை கையால் தூக்கிப் பார்ப்பார்.

படிக்கும்போது எளிது. ஆனால் 30 கால் சுற்றில் 29 சரியாகப் போய் ஒன்று மட்டும் தவறினாலும் இதில் மன்னிப்பு கிடையாது.

அளவு தவறினால் என்ன ஆகும்?

ஸ்பிரிங்கை அடையாளம் காட்டுவது நான்கு விஷயம்: கம்பியின் தடிமன், உள் விட்டம், நீளம், சுற்றும் திசை. தடிமனை ஒரு சுற்றை மட்டும் வைத்து அளப்பதில்லை. முறுக்கில்லாத ஸ்பிரிங்கில் 20 சுற்றுகளைச் சேர்த்து அளந்து வகுப்பார்கள். 20 சுற்று 5 அங்குலம் என்றால் கம்பி கால் அங்குலம்.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறுகிறது. மற்ற அளவுகள் அப்படியே இருந்து தடிமன் 5 சதவீதம் கூடினாலே விறைப்பு 21 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், கதவுக்கு நன்றாகவே தெரியும். 'பழசு மாதிரியே இருக்கே' என்று ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

அடி விழுவது வேறு ஒருவருக்கு

ஸ்பிரிங் வலுவில்லாவிட்டால் கதவு கனக்கும், மோட்டார் திணறும். உடனே ஓப்பனரின் விசையைக் கூட்டி வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. பெரிய ஆபத்து அதில்தான்.

1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு ஓப்பனர்கள், கதவு இறங்கும் வழியில் ஏதாவது தடுத்தால் திரும்ப மேலே போயாக வேண்டும் என்பது அமெரிக்க விதி. தரையிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்கும் சென்சார் கண்களும் அதற்காக வந்தவைதான். கதவுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகே இந்த விதி வந்தது. விசையைக் கூட்டி வைத்த ஓப்பனர், தடை இருப்பதைத் தாமதமாகத்தான் உணரும். அந்தத் தாமதத்துக்கு விலை கொடுப்பது ஸ்பிரிங்கை மாட்டியவர் அல்ல, கதவுக்கு அடியில் ஓடும் குழந்தை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2017 அக்டோபரில் வட கலிஃபோர்னியாவைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது மின்சாரம் போனது. கராஜ் கதவைத் திறக்க முடியாமல் பலர் தவித்தார்கள். அதன் விளைவாக எஸ்பி 969 என்ற மாநிலச் சட்டம் வந்தது. 2019 ஜூலை 1 முதல் அங்கே விற்கும், மாட்டும் வீட்டு ஓப்பனர்களில் பேட்டரி கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் ஸ்பிரிங் போன கதவை பேட்டரியும் தூக்காது. சரியான ஸ்பிரிங் உள்ள கதவை, கரண்டும் பேட்டரியும் இல்லாவிட்டாலும், 70 வயது பாட்டி கையால் திறந்து வெளியே வர வாய்ப்பு உண்டு.

அப்போ, வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

முறுக்கு ஸ்பிரிங்கை அவிழ்ப்பது, முறுக்குவது, கதவின் கீழ் மூலையில் கேபிள் மாட்டியிருக்கும் பிராக்கெட்டின் திருகாணியைக் கழற்றுவது: இந்த மூன்றையும் பயிற்சி உள்ளவரிடம் விடுவதே சரி. அந்த பிராக்கெட்டிலும் கேபிள் வழியாக அதே இழுவிசை நிற்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பில் கட்டவும் வேண்டாம். வருபவரிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. கதவை எடை போட்டு ஸ்பிரிங் தேர்ந்தெடுத்தாரா? அதன் ஆயுள் எத்தனை சுற்று? சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 சுற்று என்பது வழக்கம். ஒரு தடவை திறந்து மூடினால் ஒரு சுற்று. தினம் 4 சுற்று என்றால் 7 வருடத்துக்குள் முடிந்துவிடும். கூடுதல் ஆயுள் உள்ள ஸ்பிரிங்கும் கிடைக்கிறது. விலை வித்தியாசத்தைக் கேட்டு முடிவெடுக்கலாம். இரட்டை ஸ்பிரிங்கில் ஒன்று முறிந்தால் இரண்டையும் மாற்றச் சொல்வது பெரும்பாலும் ஏமாற்று வேலை இல்லை. இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை, ஒரே அளவு உழைத்தவை.

பழைய வீடுகளில் கிடைமட்டத் தண்டவாளத்தை ஒட்டி நீளும் எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங் இருக்கும். அதன் நடுவே ஒரு பாதுகாப்புக் கேபிள் ஓடுகிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். இல்லையென்றால், அது முறியும் நாளில் துண்டுகள் கராஜ் முழுக்கப் பறக்கும்.

மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை இரண்டு. மூடிய கதவில் சிவப்புக் கயிற்றை இழுத்து ஓப்பனரைத் துண்டித்து, கையால் பாதி உயரம் தூக்கிப் பார்ப்பது. கதவு அங்கேயே நின்றால் நலம். கீழே விழுந்தாலோ மேலே பாய்ந்தாலோ ஆளைக் கூப்பிட வேண்டும். ஓப்பனரை மீண்டும் இணைத்தபின், இறங்கும் கதவுக்குக் கீழே ஒன்றரை அங்குல மரத்துண்டைப் படுக்க வைத்துப் பார்ப்பது இரண்டாவது. கதவு அதைத் தொட்டதும் திரும்ப வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங் முறிந்து கதவு திறந்த நிலையில் நிற்கும்போது சிவப்புக் கயிற்றைத் தொடவே கூடாது. மொத்த எடையும் தலைமேல் வந்துவிடும்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி

கார் வாங்கினால் எத்தனை கிலோமீட்டரில் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. பல லட்சம் டாலர் வீட்டின் சாவியைக் கொடுக்கும்போது கராஜ் கதவின் எடை, ஸ்பிரிங்கின் அளவு, எத்தனை சுற்று தாங்கும், எந்தத் தேதியில் மாட்டியது என்பதைச் சொல்பவர்கள் அபூர்வம். இந்த நான்கு விவரமும் உள்ள ஒரு ஸ்டிக்கரைக் கதவின் உள்பக்கம் ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். செலவு சில காசுதான். அது இருந்தால் முறிவதற்கு முன்பே மாற்றலாம். அவசரத்தில் தவறான ஸ்பிரிங் மாட்டுவதும் குறையும்.

கட்டாயமாகும்வரை வீட்டுக்காரரே ஒன்று செய்யலாம். புது ஸ்பிரிங் மாட்டிய அன்றே, அந்த விவரங்களை ஆளிடம் கேட்டு, மார்க்கர் பேனாவால் கதவின் உள்பக்கம் எழுதி வைத்துவிடலாம்.