மோட்டார் உறுப்புக்களும் சுங்க அட்டவணையும்

மோட்டார் வண்டி ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டர் மிதியை எவ்வளவு அமிழ்த்தியிருக்கிறார் என்பதை அளந்து என்ஜினுக்கு அறிவிக்கும் சிறு சென்ஸர் ஒன்று சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அது அளவைக் கருவியா, மோட்டார் உறுப்பா? அளவைக் கருவியென்றால் சுங்க அட்டவணையில் 9031 என்ற தலைப்பின் கீழ் வரும். அடிப்படைச் சுங்க வரி நூற்றுக்கு 7.5. மோட்டார் உறுப்பு என்றால் 8708 என்ற தலைப்பு. 2018-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டபடி நூற்றுக்கு 15. பண்டம் ஒன்றே. உத்தியோகஸ்தர் அதற்கு இடும் பெயரைப் பொறுத்து வரி இரட்டிப்பாகிறது.

இதற்குச் சட்டத்தில் விடை இல்லாமல் இல்லை. இரண்டு விடைகள் இருப்பதுதான் சங்கடம். நமது 1975-ம் வருஷத்துச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணை, உலக நாடுகள் பெரும்பாலும் அனுசரிக்கும் பொது அட்டவணையை ஒட்டியது. வாகனங்களைப் பற்றிய 17-வது பகுதியின் இரண்டாவது குறிப்பு, மின்சார சாதனங்களும் அளவைக் கருவிகளும் வாகனத்திற்கென்றே செய்யப்பட்டவையாகத் தோன்றினாலும் வாகன உறுப்புக்கள் ஆகமாட்டா என்று விலக்கிவிடுகிறது. அதே பகுதியின் மூன்றாவது குறிப்போ, வாகனத்திற்கென்றே முழுவதுமாகவோ பிரதானமாகவோ உபயோகப்படும் உறுப்பு எது என்று பார்க்கச் சொல்கிறது. முதலில் விலக்கியதைக் கழித்து, எஞ்சியதற்கு மட்டுமே உபயோகத்தைப் பார்ப்பது என்பதுதான் வெகு காலமாக வர்த்தகர்களும் சுங்க இலாகாவும் அனுசரித்து வந்த முறை.

இந்த முறையைக் கலைத்தது 2021 மார்ச்சு மாதம் சுப்ரீம் கோர்ட் அளித்த ஒரு தீர்ப்பு. வழக்கு மோட்டாரைப் பற்றியதன்று. சுங்க வரியைப் பற்றியதுமன்று. கல்கத்தாவிலுள்ள வெஸ்டிங்ஹவுஸ் ஸாக்ஸ்பி பார்மர் கம்பெனி ரயில்வே சிக்னல்களுக்காகச் செய்த ரிலேக்களின் மீது விதித்த கலால் வரியைப் பற்றியது. அவை ரயில்வே சிக்னலின் உறுப்பே என்றது கம்பெனி; அல்ல, அவை மின்சாரச் சாமான் என்றது இலாகா. ரயில்வே சிக்னலுக்கன்றி வேறு எதற்கும் உபயோகமில்லாத பண்டம் ஆகையால் உபயோகமே பிரதானம் என்று கோர்ட் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது.

இதற்குச் சற்று முன்பு, 2020 மே மாதத்தில், அதே கோர்ட்டின் முன் மோட்டார் கார்களில் விரிக்கும் விரிப்பைப் பற்றிய வழக்கு ஒன்று வந்தது. அங்கே இலாகா வாதித்தது என்ன? காருக்கென்றே வெட்டித் தைத்த விரிப்பு ஆகையால் அது கார் உறுப்பே என்பது! கோர்ட் அதை ஏற்காமல், விரிப்பு விரிப்புத்தான் என்றது. ஆகவே ஒரு வழக்கில் உபயோகத்தைப் பார் என்றும், மற்றொன்றில் உபயோகத்தைப் பாராதே என்றும் ஒரே இலாகா வாதாடி இரண்டிலும் தோற்றது. எங்கே வரி அதிகமோ அங்கே பண்டத்தைத் தள்ளுவது என்பதைத் தவிர இவ்விரு வாதங்களுக்கும் பொதுவான தத்துவம் எதுவும் நமக்குப் புலப்படவில்லை.

தோற்ற தீர்ப்பும் பிறகு இலாகாவுக்கு ஆயுதமாயிற்று. ரிலே வழக்கின் நியாயத்தையே எடுத்துக்கொண்டு, அதுகாறும் மின்சார சாதனம் என்றும் அளவைக் கருவி என்றும் அங்கீகரித்து வந்தவற்றை மோட்டார் உறுப்புக்கள் என்று கூறி, இறக்குமதியாளர்களுக்கு நோட்டீசுகள் பறந்தன. தொழிலினர் முறையிட்டதன் பேரில், மத்திய மறைமுக வரி போர்டு 2022 ஜனவரி 5-ந் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தது. அத்தீர்ப்பை எல்லாப் பண்டங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தாமல், அட்டவணைக் குறிப்புக்களையும் சுப்ரீம் கோர்ட்டின் இதர தீர்ப்புக்களையும் கவனித்து ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல புத்திமதிதான். ஆனால் "ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க" என்றால் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு தீர்மானம் என்றே அனுபவத்தில் முடியும்.

பெரிய கம்பெனிகள் வக்கீல்களை வைத்து வாதாடும். அம்பத்தூரிலோ ஓசூரிலோ உள்ள சிறு தொழிற்சாலையின் கதி என்ன? வருஷம் ஒரு கோடி ரூபாய்க்குச் சென்ஸர் தருவிக்கும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். 2011 முதல் இறக்குமதியாளரே தலைப்பைத் தேர்ந்து தம் வரியைக் கணக்கிட வேண்டும் என்பது சட்டம். அவர் 7.5 சதவீதம் செலுத்திப் பண்டத்தை எடுத்து, குறித்த விலைக்கு உறுப்பைச் செய்து விற்றும்விட்டார். தலைப்புத் தவறு என்று பிறகு நோட்டீசு வருகிறது. சாதாரணமாக இரண்டு வருஷத்துக்கே பின்னோக்கலாம். உண்மையை மறைத்தார் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் ஐந்து வருஷம். அப்போது வித்தியாசம் மட்டும் 37.5 லட்சம், அதே அளவு அபராதம், இவற்றோடு நூற்றுக்கு 15 வீதம் வட்டி. விற்ற பண்டத்தை வாங்கியவரிடம் போய் இதை இப்போது வசூலிக்க முடியுமா? அடிப்படைச் சுங்க வரிக்கு ஜி.எஸ்.டி.யில் கழிவும் கிடையாது. முன்கூட்டியே தீர்ப்புக் கேட்கலாமே என்பார்கள். டில்லியிலும் பம்பாயிலும் அதற்கென அதிகாரிகள் உண்டு. அவர்கள் சொல்வது கேட்டவருக்கு மட்டுமே செல்லும். பக்கத்துத் தொழிற்சாலைக்குச் செல்லாது.

நிற்க. இறக்குமதியாளருக்காகப் பரிந்து சுதேசிக் கைத்தொழிலை நாம் மறந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். சர்வதேச ஒப்பந்தத்தின்படி சிப்புகள் வரியின்றி வருகின்றன. அவற்றைப் பலகையில் பொருத்தி முழுக் கருவியாக்கும் வேலை இந்நாட்டில் நடைபெற வேண்டுமானால், முழுக் கருவியின் மீது 15 சதவீத வரி இருப்பது நியாயமென்றே நாமும் கருதுகிறோம். அதை பார்லிமெண்டு பகிரங்கமாக விதிக்கட்டும். சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று அரசியல் சட்டத்தின் 265-வது விதி கூறுகிறது. நேற்றுவரை ஒன்றாக வாசித்த குறிப்பை இன்று வேறாக வாசித்துச் சென்ற வருஷங்களுக்கும் வசூலிப்பது அந்த விதியின் உணர்ச்சிக்கு விரோதமானது.

சர்க்காரால் முடியாத காரியமும் அன்று. ஜி.எஸ்.டி.யில் இதே சண்டை நடந்தது; 8708-ல் 28 சதவீதமும் மற்றத் தலைப்புக்கள் பலவற்றில் 18 சதவீதமுமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல், தலைப்பு எதுவாயினும் மோட்டார் உறுப்புக்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் என்று கவுன்சில் தீர்த்துவிட்டது. அதே துணிவைச் சுங்கத்திலும் காட்டி, ஒப்பந்தத்தால் வரிவிலக்குப் பெற்றவை நீங்கலாக, வண்டிகளின் எலெக்ட்ரானிக் உறுப்புக்களுக்கு ஒரே விகிதத்தை நிர்ணயிக்கலாம். கடந்த காலத்து நோட்டீசுகளுக்கும் வழி இருக்கிறது. பொது வழக்கத்தின் காரணமாகக் குறைவாக வசூலான வரியைக் கைவிட, சுங்கச் சட்டத்தின் 28-ஏ பிரிவு சர்க்காருக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. அந்த அதிகாரத்தை இந்த விஷயத்தில் நிதி மந்திரி பிரயோகிப்பாரா என்பதைப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கேட்க வேண்டும்.